பத்து வருடம் பயிர்செய்தவருக்கு வயல் சொந்தமாகுமா?

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் அப்பாவின் பெயரில் இரண்டு ஏக்கர் உறுதிக்காணி (உறுதிப்பத்திரமுள்ள தனியார் காணி) வயல் உண்டு. 2010 இல் ஊர் மீளக் குடியமர்ந்தபோது நாங்கள் வவுனியாவிலேயே தங்கிவிட்டதால், சித்தப்பாவிடம் பார்த்துச் செய்யும்படி கொடுத்தோம். 2014 வரை போகத்துக்குப் போகம் நெல் தந்தவர், இப்போது “பத்து வருடம் தாண்டிவிட்டது, வயல் எனக்கு ஆட்சி” என்கிறார். இது சரியா?

பதில்: பிறர் காணியை நீண்டகாலம் ஆண்டதால் வரும் உரிமையே ஆட்சியுரிமை. ஊரில் பலரும் அதைப் பத்து வருடக் கணக்கு என்று மட்டுமே நினைக்கிறார்கள். இதை வகுக்கும் இலங்கையின் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு கேட்பது அதைவிட அதிகம். இடையூறின்றியும் தொடர்ச்சியாகவும் பத்து வருடம் ஆண்டிருப்பதுடன், அந்த ஆட்சி உரிமையாளரின் உரித்துக்கு எதிரானதாக அல்லது அதைச் சாராததாக இருக்கவும் வேண்டும். வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுப்பது இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொள்ளும் செயல் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே சித்தப்பா தந்த ஒவ்வொரு மூட்டை நெல்லும் உங்கள் அப்பாவின் உரிமையை அவர் ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். உங்கள் அனுமதியோடு வயலில் இறங்கியவர், நெல்லை நிறுத்திய ஒரே காரணத்தால் உரிமையாளராகிவிட முடியாது. எந்த நாளில், எந்த வெளிப்படையான செயலால் உங்களை எதிர்த்து ஆளத் தொடங்கினார் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் தன் பெயர் இருப்பதையும், உரமானியம் தன் பெயரில் வந்ததையும் அவர் காட்டக்கூடும். அவை பயிர்செய்ததைக் காட்டும், உரித்தைக் காட்டா.

இருப்பினும் 2014 இற்குப் பின் நீங்கள் மௌனமாக இருந்த வருடங்கள் எனக்குக் கவலை தருகின்றன. “இனித் தரமாட்டேன், இது என் வயல்” என்று அவர் அப்போதே பலரறியச் சொல்லியிருந்தால், வழக்கின் போக்கு மாறலாம். நெல் தந்ததை அறிந்த அயல் வயற்காரர் இருவரையாவது இப்போதே பேசி வையுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள், ஏனெனில் இத்தகையவர்கள் தாமே உரிமையாளர் என்று அறிவிக்கும் ஆட்சி உறுதி ஒன்றை முடித்து, அதைக் காட்டிப் பிறருக்கு விற்பது வன்னியில் புதிதல்ல. அந்த உறுதி பதியப்பட்டிருந்தாலும் தானாக உரித்தைத் தராது.

போர்க்காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்கும் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது; உங்கள் பிரச்சினை அதற்குப் பிந்தியது. காணி உறுதிக்காணியாக இல்லாமல் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியாக இருந்திருந்தால் ஆட்சியுரிமைப் பேச்சுக்கே இடமிருந்திராது.

வேலியை உடைத்து உள்ளே போகாதீர்கள். அது ஆரம்ப நீதிமன்றத்தில் அவருக்கே சாதகமாகும். மூல உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குத் தொடருங்கள்.