கோல்ட்டா, லாமாவா, அரசுத் தொழிற்சாலைப் பிஸ்டலா? மன்னார்குடி வாசகருக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. 1911 மாதிரிப் பிஸ்டல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழைய கோல்ட், லாமா, வால்தர் மூன்றும் வாங்கித் தர முடியும் என்றும், கூடுதலாகச் செலவழித்தால் அசல் 45 போர் (குழலின் உள்விட்ட அளவு) பிஸ்டலையே 32 என்று பதிந்து தர முடியும் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். அரசுத் தொழிற்சாலைப் பிஸ்டல் வேண்டவே வேண்டாம் என்கிறார். 81 வயதான என் தந்தையிடம் 1970களில் உரிமத்தோடு வாங்கிய வெப்லி ஸ்காட் 32 பிஸ்டல் ஒன்று உண்டு. அதற்கு இனி மதிப்பில்லை, விற்றுத் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 45 பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். நீங்கள் ஆசைப்படும் 1911, ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்கப் படை 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட பிஸ்டல். 1985இல் பெரெட்டா கம்பெனியின் பிஸ்டல் வரும்வரை அதுவே அந்நாட்டுப் படையின் கைத்துப்பாக்கியாக இருந்தது. கோல்ட் மட்டுமல்லாமல், போர்க்காலத்தில் தட்டச்சுப் பொறி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் அதைத் தயாரித்தது. இன்றும் பல நாடுகளில் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. அங்கே இருப்பவருக்கு 'எந்தக் கம்பெனியின் 1911' என்ற கேள்வி பொருளுள்ளது. உங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தற்காப்புக்காக மாவட்ட ஆட்சியர் வழங்கும் உரிமம், தடை செய்யப்படாத போர் அளவுகளுக்கு மட்டுமே உரியது, 9 மி.மீ., 45 ஆகியவை அதில் வாரா. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகம் போனால் 14 ஆண்டு சிறை. 45ஐ 32 என்று பதிந்து தருவதாகச் சொல்பவர் உங்கள் ஆசையை நிறைவேற்றவில்லை. உங்களைச் சிறைக்கு அனுப்பும் காகிதத்தைத் தயாரிக்கிறார். அவரோடு இனி எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே உங்களுக்கு உள்ள தேர்வு 32 போருக்குள்தான். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் அலுவலகங்களே இதில் தடுமாறுகின்றன. பிஸ்டலுக்கான 32 தோட்டாவும் (7.65 மி.மீ. என்றும் சொல்வார்கள்) ரிவால்வருக்கான 32 தோட்டாவும் வெவ்வேறானவை. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் அகன்ற விளிம்பு உள்ளது. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. உங்கள் உரிமத்தில் '32 போர்' என்று மட்டும் எழுதிவிட்டு, பிஸ்டலா ரிவால்வரா என்பதை எழுதாமல் விட்டிருந்தால், துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே போய்த் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு சொல்லை எழுதாமல் விட்டவர் தம் மேசையில் நிம்மதியாக இருப்பார். தோட்டா வாங்கப் போகும் நீங்கள்தான் கடைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பீர்கள்.

இனி கம்பெனிகள். தரகர் சொல்லும் கோல்ட், பெரும்பாலும் 1903 மாதிரியாகத்தான் இருக்கும். அதுவும் பிரவுனிங் வடிவமைத்ததே. தட்டையானது, உடையில் சிக்காதது, தோட்டாவை வெடிக்கச் செய்யத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். மிக நல்ல பிஸ்டல். ஆனால் அதன் உற்பத்தி 1940களிலேயே நின்றுவிட்டது. லாமா ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்பு. வெளித்தோற்றத்தில் 1911ஐச் சிறிதாக்கியது போலவே இருப்பதால் உங்களைப் போன்றவர்கள் அதைப் பார்த்தவுடன் மயங்குவார்கள். 1911இல் தோட்டா வெடிக்கும் நேரத்தில் குழலும் மேலுறையும் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பூட்டிக்கொண்டு பின்பு பிரியும். 32 லாமாவில் அந்தப் பூட்டே இல்லை. மேலுறையின் எடையும் சுருள்வில்லின் அழுத்தமும்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. அது குறை அல்ல, 32 தோட்டாவுக்கு அது போதும். ஆனால் 1911க்கு என்று மனத்தில் வைத்திருக்கும் விலையை அதற்குக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கம்பெனியும் மூடப்பட்டுவிட்டது, உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டும். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் வால்தர் பிபியைச் சொல்வேன். 1929இல் வந்த அந்த ஜெர்மன் பிஸ்டலில், இழுத்து நிற்கும் சுத்தியலைப் பாதுகாப்புத் தாழை அழுத்தியே பத்திரமாக இறக்கிவிடலாம். பழக்கம் குறைந்தவர் கையில் அதுவே பெரிய காப்பு.

ஆனால் இவற்றின் விலை? 1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அன்றுமுதல் நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்தவையே கைமாறி வருகின்றன. அதனால் வெளிநாட்டில் சாதாரண விலைக்குப் போகும் பழைய பிஸ்டலுக்கு இங்கே லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இரும்புக்கு அல்ல, தட்டுப்பாட்டுக்கே போகிறது. தட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கே போலி வரும். பிகாரின் முங்கேர் பகுதியில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் 7.65 பிஸ்டல்களில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று பொறித்து விற்பதைக் காவல்துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அப்படி ஒன்றைத்தான் தரகர் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துவந்து உங்கள் முன் விரிப்பார்.

மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல, பழைய பிஸ்டலில் சோதனை முத்திரைகளைத் தேடிப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளில் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் அரசு சோதனைச் சாலையில் கனத்த தோட்டா வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கியதும் முத்திரை குத்துவார்கள். பெல்ஜியத் துப்பாக்கியில் லியேஜ் நகர முத்திரை இருக்கும். பழைய வால்தரில் கிரீடமோ கழுகோ பொறித்து அதன் கீழ் 'என்' என்ற எழுத்து இருக்கும். கோல்ட்டில் முக்கோணத்துக்குள் 'வி', 'பி' என்ற எழுத்துகளும் பாயும் குதிரையும் இருக்கும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், நேர்கோட்டில், எழுத்துப் பிழையின்றி இருக்க வேண்டும். வரிசை எண் இருக்கும் இடத்தில் அரத்தால் தேய்த்த பளபளப்போ, மேலே புதிதாக வெட்டிய எண்ணோ தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம்.

தரகர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் கிடைக்கத் தாமதமாகும் உரிமத்தை வேறு மாநிலத்திலிருந்து 'அகில இந்திய உரிமமாக' வாங்கித் தருவதாகச் சொல்லி டெல்டாப் பகுதியில் பலரிடம் பணம் பறித்திருக்கிறார்கள். ஜம்மு காஷ்மீரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக 2018இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அங்கே குடியிருந்தே இராதவர்கள் பெயரிலெல்லாம் உரிமம் இருந்தது. உங்களுக்கு ஏற்கெனவே முறையான உரிமம் இருக்கிறது. எனவே இந்தத் தொழிலில் தரகருக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. துப்பாக்கியை உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம், தொழிற்சாலையிடம் வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள தனியாரிடம் வாங்கலாம். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் தம் எண்ணத்தை மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன்பின் 45 நாள்கள் கழிந்திருக்க வேண்டும். 'கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவர் அந்த 45 நாள்களைத்தான் விழுங்கப் பார்க்கிறார்.

இப்போது உங்கள் கேள்வியில் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கில் அதுதான் முதல் விஷயம். தந்தையின் வெப்லி ஸ்காட்டை விற்காதீர்கள். 'மதிப்பில்லை' என்று சொல்லும் ஆளே அதை விற்றுத் தர முன்வருகிறாரே, அதற்கு மதிப்பு இருப்பதால்தானே? லண்டன் மாநகரக் காவல்துறை 1911இல் எடுத்துக்கொண்ட பிஸ்டல் வகை அது. பார்வைக்குக் கோணல் மாணலாக இருக்கும், அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் நேர்மையான வேலைப்பாடு.

அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சட்டத்திலேயே வழி உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர் இறந்த பிறகுதான் வாரிசுக்குப் போகும் என்று ஊரில் பலரும் நினைக்கிறார்கள். சில அலுவலகங்களிலும் அப்படித்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அது தவறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதி, உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவர் 70 வயதை அடைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே, தாம் விரும்பும் சட்டப்படியான வாரிசின் பெயருக்கு மாற்ற இடமளிக்கிறது. உங்கள் தந்தைக்கு இரண்டு தகுதியுமே உண்டு. அவர் கைப்பட எழுதிய விருப்ப மனுவும், உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கையில் இருக்கட்டும். விதியில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மேசையில் கேட்பார்கள். மனுவில் விதியின் எண்ணைக் குறிப்பிடுங்கள், தேதியிட்ட ஒப்புகை இல்லாமல் திரும்பி வராதீர்கள். 'மாற்ற முடியாது' என்று வாயால் சொன்னால், அதையே எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றவுடன் பலருக்கு விதி நினைவுக்கு வந்துவிடும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய உரிமப் புத்தகங்களுக்கெல்லாம் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் ஏற்றியாக வேண்டும் என்று அரசு பல முறை அவகாசம் கொடுத்தது. வயதானவர்கள் பலர் புதுப்பித்தலோடு நிறுத்திவிட்டு அந்த எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்பாவின் உரிமத்தில் அந்த எண் இல்லையென்றால், மாற்றத்துக்கு மனுப் போடுவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாற்றம் ஆகும்வரை அந்தப் பிஸ்டல் அப்பாவுடையதே. 'மதிப்புப் பார்த்துத் தருகிறேன்' என்று கேட்டாலும் தரகர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. ஒரு நாள் இரவல் கொடுத்தாலும் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

பெயர் மாறிய பிறகு, பழுதுபார்க்க உரிமம் உள்ள ஆர்மரரிடம் காட்டுங்கள். வெப்லியில் மேலுறையைத் திருப்பித் தள்ளும் வில் சுருள்வில் அல்ல. வலப்பக்கக் கைப்பிடித் தகட்டுக்கு அடியில் இருக்கும் 'வி' வடிவ வில். முதலில் தளர்வதும் முறிவதும் அதுதான். குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் இருண்ட வளையம் தெரிந்தால் குழல் ஒரு முறை வீங்கியிருக்கிறது, அதைச் சுடவே கூடாது. மேகசினின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வாய் விளிம்புகள் வளைந்திருந்தால் தோட்டா சிக்கும். இவை மூன்றும் சரியாக இருந்தால், உங்கள் ஆலைக்கும் வீட்டுக்கும் அந்தப் பிஸ்டலே போதும். பழைய பிஸ்டல் எதையுமே, குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் தோட்டா ஏற்றிய நிலையில் எடுத்துச் செல்லாதீர்கள். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு அவற்றில் பெரும்பாலானவற்றில் இல்லை.

சரியாக இல்லையென்றால் புதிய அரசுத் தயாரிப்பை வாங்குங்கள். கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இப்போது அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதில் ஒன்று. ஆனால் அது படைகளுக்கான நீள்துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்றது. வாசலில் போய் நின்றால் 32 பிஸ்டல் எடுத்துக் கொடுப்பார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். அரசுத் தயாரிப்பான 'அஷானி' 32 பிஸ்டலில் வால்தரின் மெருகு இல்லை. ஆனால் குழல் புதியது, எண்ணில் சந்தேகமில்லை, ரசீது உண்டு. விலையில் ஏமாற்று இல்லை என்பதும், தரகருக்கு அதில் கமிஷன் இல்லை என்பதுமே அவர் அதைத் தூற்றுவதற்குக் காரணம். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்பதே இப்போது உச்ச வரம்பு. அப்பாவுடையது மாறி வந்தபின் இன்னொன்று வாங்கினால் கணக்கு அதோடு நிறைந்துவிடும்.

பராமரிப்பு பற்றி மட்டும் சுருக்கமாக. நம் பகுதியின் ஈரக்காற்றும், நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றும் எஃகைத் தின்றுவிடும். தோல் உறையிலேயே வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பாகங்களை ஒட்டவைத்துவிடும். துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். காவல் நிலையத்தின் ஈரமான அறையில் அட்டை கட்டிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, துருவேறித் திரும்பி வந்த பிஸ்டல்களுக்குப் பதில் சொல்ல எந்த அலுவலகமும் முன்வருவதில்லை. உரிமம் பெற்ற கடையிலும் ஒப்படைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. திருச்சியிலோ தஞ்சையிலோ அப்படி ஒரு கடையில் நன்றாக எண்ணெய் பூசி, மேகசினைத் தனியே எடுத்து, எண்ணையும் நிலையையும் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு வையுங்கள்.