மாவோரி வீட்டு வாசலில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம். ரொட்டோருவா ஊரில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்பார்களாமே, என் மனைவிக்கு நினைத்தாலே கூச்சம். மறுத்தால் தப்பா?

பதில்: அதற்கு முன்னால் நடப்பதற்குத் தயாராகுங்கள் சார். தடியைச் சுழற்றிக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கை நீட்டியபடி ஒரு வீரர் வருவார். வந்த கூட்டத்தில் ஒருவரைத் தலைவராக நிறுத்தச் சொல்வார்கள், அது நீங்களாகவும் இருக்கலாம். வீரர் உங்கள் முன்னால் ஓர் இலையைப் போடுவார், அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து அதை எடுக்க வேண்டும். வந்தவன் நண்பனா, சண்டைக்காரனா என்று பார்க்கும் சடங்கு அது, எடுத்துவிட்டால் சமாதானம். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு நாக்கை நீட்டி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது, அவர்களுக்கு எப்படி இருக்கும்!

மூக்கு விஷயம் முத்தமில்லை. வலது கையைப் பிடித்துக்கொண்டு மூக்கும் நெற்றியும் லேசாகப் படும்படி ஒரு தரம் அழுத்துவார்கள், மூச்சைப் பகிர்ந்துகொள்வதாக அர்த்தம், ஒரு நொடியில் முடிந்துவிடும். சளி, இருமல் என்றால் கையை மட்டும் நீட்டினால் போதும்.

கேள்வி: நியூசிலாந்தில் இருக்கும் மகனின் நண்பர், தங்கள் மராயேவில், அதாவது மாவோரி இனக்குழுவின் முற்றமும் கூடமும் சேர்ந்த பொது இடத்தில், ஓர் இரவு தங்க எங்களை அழைத்திருக்கிறார். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். டிக்கெட் நிகழ்ச்சி வேறு, இது வேறு. நேராக உள்ளே போய்விடாதீர்கள், வாசலில் கூடி நில்லுங்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி நீட்டிக் குரலெடுத்து அழைத்த பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டும். பெரிய கூடத்தை முன்னோர் ஒருவரின் உடலாகவே பார்க்கிறார்கள், மோட்டு உத்திரம் முதுகெலும்பு, சரிவு மரங்கள் விலா. செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முறுக்குப் பொட்டலத்தோடு உள்ளே போகக் கூடாது, சாப்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. தலை புனிதம் என்பதால் தலையணை மேல் உட்காரக் கூடாது, குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சுவதும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை மேலும் உட்காரக் கூடாது. அப்புறம், வரவேற்பின்போது உங்கள் தரப்பில் ஒருவர் பேசி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டியிருக்கும், தமிழ்ப் பாட்டே போதும், முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். காணிக்கைப் பணத்தை உறையில் போட்டு, உங்கள் தரப்பில் கடைசியாகப் பேசுபவரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் அதை முன்னால் வைப்பார். பெண்கள் எங்கே உட்காருவது, யார் பேசுவது என்பதெல்லாம் இனக்குழுவுக்கு இனக்குழு மாறும். அந்த நண்பரையே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த மணி இருக்கிறதாமே, கதையா?

பதில்: நிஜம். வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1830களில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது, வடக்கே மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. கப்பல் எப்படி அங்கே போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. போவதற்கு முன், இப்போது பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிடுங்கள்.