கடல் இல்லாத ஊரிலிருந்து கடற்புல்லைக் காக்க என்ன செய்யலாம்?

கேள்வி: பென்னாகரம் அருகே அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பாக் விரிகுடாவில் கடற்புல் அழிந்துவருவது பற்றிப் பாடம் எடுத்ததிலிருந்து எங்கள் பசுமைப் படை மாணவர்கள் பணம் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையில் தஞ்சை மாவட்டத்து மனோரா கடற்கரைக்குப் போய்க் கடற்புல் நடலாமா?

பதில்: நட வேண்டாம், டீச்சர். பிள்ளைகளின் ஆர்வத்துக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது.

கடற்புல் பாசி இனம் கிடையாது. வேரும் தண்டும் உள்ள, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் செடி. அதை நட, செழிப்பான படுகையிலிருந்து தண்டோடு நாற்றுப் பறித்து, மூங்கில் சட்டத்தில் கட்டிய தென்னங்கயிற்றில் பிணைத்து, முங்கிப்போய்க் கடலடியில் பதிக்க வேண்டும். பாக் விரிகுடாவில் ஆய்வாளர்களும் மீனவர்களும் சேர்ந்து இப்படி நட்டிருக்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் புல் ஏன் போனது என்று தெரியாமல் நட்டால் நாற்றுதான் வீண். விசைப்படகுகளின் இழுவை மடி, அதாவது இழுவை வலை, கடல் தரையை வாரிப்போகும் இடத்திலும், கலங்கல் தண்ணீர் வெயிலை மறைக்கும் இடத்திலும் எத்தனை முறை நட்டாலும் நிற்காது.

எங்கே எவ்வளவு புல் இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று வருஷக்கணக்கில் பார்த்துக் குறித்துவைக்க ஆள் வேண்டும். உலகின் பல கடற்கரைகளில் பொதுமக்களே செய்யும் ஒரு முறை உண்டு. 50 மீட்டர் கயிறுகள் மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் போட்டு, ஐந்தைந்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று எழுதுவார்கள்.

இதை உங்கள் பள்ளி மைதானத்திலேயே பழகலாம். பிளம்பிங் கடையில் பிவிசி குழாய் வாங்கிச் சட்டம் செய்யுங்கள். அருகும் கோரையும் கலந்த இடத்தில் வைத்து, ஐந்து பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் சதவீதம் எழுதட்டும். ஒருவர் 30 என்பார், இன்னொருவர் 60 என்பார். நேர் மேலிருந்து படம் எடுத்து, கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தால் யார் கண் கூட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண் சொல்லும்வரை விடாதீர்கள். கணக்கெடுப்பின் உயிரே இதுதான். ஆள் மாறும்போதெல்லாம் எண்ணும் மாறினால், புல் குறைந்ததா பார்த்த கண் குறைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மனோராவில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அங்கே புல் பெரும்பாலும் முங்கியே கிடக்கும். கரை ஒதுங்கிய சருகுகள் போதும். சின்ன முட்டை வடிவ இலையென்றால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். நூடுல்ஸ் மாதிரி உருண்டு நீண்டிருந்தால் சிரிங்கோடியம். பட்டையான இலையின் நுனியில் ரம்பப் பல் தெரிந்தால் சைமோடோசியா செருலாட்டா. தேதி, இடம் குறித்துப் படம் எடுங்கள். காற்றும் அலையும் கூடிய நாட்களில் சருகு அதிகம் ஒதுங்கும் என்பதால் அன்றைய காற்று நிலையையும் எழுதுங்கள். உயிருள்ள செடியைப் பறிக்க வேண்டாம்.

ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் பிள்ளைகளுக்குக் கடலோடு உறவுதான். மேட்டூர், கல்லணை தாண்டி வெண்ணாற்றின் கிளைகள் வழியே அது முத்துப்பேட்டையில் பாக் விரிகுடாவைத் தொடுகிறது. ஆனால் கடற்புல் பாதிக்கப்படுவதற்கு உங்கள் தருமபுரிதான் காரணம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். கடற்கரையை ஒட்டிய இறால் பண்ணைக் கழிவும் இழுவை மடியும் அதைவிடக் கிட்டே இருக்கின்றன. அருவிக்கரையில் ஷாம்பு பாக்கெட் பொறுக்குவது நல்ல காரியம், அதை அதற்காகவே செய்யட்டும்.

மனோராவை ஒட்டிய மல்லிப்பட்டினம் பக்கத்து மீனவர்களிடம் கட்டாயம் பேசுங்கள். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகம் ஆனது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும் அந்த ஆவுளியா வலையில் சிக்கியபோது, வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் இருக்கிறார்கள். எந்த இடத்தில் வலையில் புல் ஏறும், எங்கே முன்பு இருந்து இப்போது இல்லை, நண்டும் ஓரா மீனும் எந்த மாதம் கூடும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆய்வாளருக்குப் பழைய வரைபடம் கிடைக்காத இடத்தில் இந்த ஞாபகம்தான் வரைபடம்.

கிளம்புமுன் தஞ்சாவூர் வனக்கோட்ட அலுவலகத்துக்கும், நீங்கள் போகும் ஊரின் மீனவப் பஞ்சாயத்துக்கும் கடிதம் எழுதிவிடுங்கள். மே மாதம் போனால் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள். அவர்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள்: எந்த இடத்தில் மடி இழுக்காமல் இருக்க அவர்களால் முடியும், அதற்கு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று.