விர்ச்சுவல் மெஷின்: வந்த கடிதங்களும் பதில்களும்

விர்ச்சுவல் மெஷின் (விஎம்) என்றால் ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம். லினக்ஸ் பழக விர்ச்சுவல்பாக்ஸா, கேவிஎம்மா? – மாணவி, பெருந்துறை

விர்ச்சுவல்பாக்ஸ்தான் அம்மணி. இரண்டும் விஎம் ஓட்டுபவைதான்; ஆனால் கேவிஎம் 2007 முதல் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருப்பது. அதனால் ஹோஸ்ட், அதாவது விஎம்மைத் தாங்கும் கம்ப்யூட்டர், லினக்ஸாக இருக்க வேண்டும். கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்துக்கு, 3 ஜிபி ராம் கொடுங்கள், போதும்.

64 பிட் கெஸ்டே பட்டியலில் வரவில்லை. – கோபி

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்கில்) விடி-எக்ஸை ஆன் செய்யுங்கள்; விஎம் ஓட்ட இன்டெல் ப்ராசசரில் இருக்கும் வசதி அது. ஏஎம்டி ப்ராசசர் என்றால் அதன் பெயர் எஸ்விஎம்.

விஎம் ரொம்ப ஸ்லோ. என்ன செய்ய? – காங்கேயம்

ராம் எவ்வளவு, எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா, ஹோஸ்ட் எது? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்னங்க சொல்வது? விஎம் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது; அதை நிறுத்துங்கள். மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

பனியன் கம்பெனி பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பி விஎம்மில் ஓடுகிறது. தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறேன். பேக்கப் தனியாக வேண்டுமா? – திருப்பூர்

வேண்டும். எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை. ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நேர நிலையைக் குறித்து வைப்பது. எடுத்ததும் பழைய விடிஐ ஃபைல் (விஎம்மின் டிஸ்க்) அப்படியே நிற்கும். அதன்பிறகு மாறுவதெல்லாம் இன்னொரு ஃபைலில் சேரும். புதுசு பழசின் மேல்தான் நிற்கிறது. அடி ஃபைல் கெட்டால் மேலே உள்ள அத்தனையும் போச்சு.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் நானே பார்த்தேன். எஸ்எஸ்டி செத்துவிட்டது, பதினோரு ஸ்னாப்ஷாட்டும் அதற்குள்ளேயே. கணக்கெழுதும் பையன் மஞ்சள் கறை படிந்த பில் புக்குகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு வருசக் கணக்கை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தான். அவன் விரல் நுனியெல்லாம் மஞ்சள். இன்றைக்கும் அது கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்து, அதன் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மூணு மாசத்துக்கு ஒருமுறை அந்தக் காப்பியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் வருகிறதா பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழித்துவிடுங்கள்; அழிக்கும்போது ஃபைல்கள் ஒன்றாகச் சேரும், அதற்கு டிஸ்க்கில் இடம் வேண்டும். எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கொடுக்கவே கூடாது.

ஒரே மெஷினில் மூன்று சர்வர். ப்ராக்ஸ்மாக்ஸ் சரியா? – கரூர்

சரி. பல விஎம்களை ஓட்டும் சிஸ்டம் அது. டெபியன் லினக்ஸ் மேல் கட்டியது, இலவசம்; சந்தா கட்டாயமில்லை. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது நீங்கள் காட்டும் டிஸ்க்கை முழுதாக அழித்துவிடும். முதலில் காப்பி எடுங்கள். அதன் பேக்கப்பையும் வேறு மெஷினில் வையுங்கள்.

கம்பெனியில் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமா? – சூலூர்

இலவசம். கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு மட்டும் கம்பெனி உபயோகத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். தேவையில்லாமல் அதைப் போடாதீர்கள்.