பொத்தான் வைத்த ஸ்டியரிங் வீலைப் போட்டாலும், அந்தப் பொத்தானுக்கு ரேடியோ ஏன் இயங்குவதில்லை?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடும் டொயோட்டா விட்ஸ், அக்சியோ கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்பது இது. காரணம் வீலில் இல்லை. அதன் பின்னால் இருக்கும் ஸ்பைரல் கேபிளில்.

சுழலும் வீலையும் சுழலாத காரையும் இணைக்கும், சுருட்டிவைத்த தட்டை வயர் அது. அடிப்படை மொடல்களில் பெரும்பாலும் ஹோர்னுக்கும் எயார்பேக்குக்கும் மட்டுமே வயர் இருக்கும். பொத்தானின் சிக்னல் போக வழியே இல்லை. ஆகவே வீலோடு, கூடுதல் பின் (இணைப்பு முனை) உள்ள கேபிளும், ஸ்டியரிங் இணைப்பு உள்ள ரேடியோவும் வேண்டும்.

முதலில் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றி, குறைந்தது 90 செக்கன் பொறுங்கள் (ஐந்து நிமிடம் பொறுத்தாலும் நட்டமில்லை). எயார்பேக் வயரில் மல்ரிமீற்றர் (மின்சோதனைக் கருவி) வைக்கவே வேண்டாம், வெடிக்கலாம். கழற்றிய எயார்பேக்கை முகம் மேலே பார்க்க வையுங்கள். நட்டைக் கழற்றுமுன் வீலுக்கும் தண்டுக்கும் ஒரே கோட்டில் அடையாளம் போடுங்கள்.

பலர் பிழைவிடுவது கேபிளை நடுவில் வைப்பதில்தான். கட்டையில் கட்டிய மாட்டை நினையுங்கள். கயிறு ஏற்கெனவே ஒரு பக்கம் சுற்றியிருந்தால், மாடு அதே பக்கம் இன்னும் சுற்ற, கயிறு இறுகி அறும். கேபிளும் அப்படித்தான்: முதல் தடவை முழுக்க வெட்டித் திருப்பும்போதே அறுந்து, ஹோர்னும் போய், எயார்பேக் லைற்றும் எரியும். முன்சில்லுகள் நேராக இருக்க, கேபிளை ஒரு பக்கம் மெதுவாக முட்டும்வரை சுற்றி, பல டொயோட்டாக்களில் எதிர்ப்பக்கம் இரண்டரைச் சுற்று திருப்பி, கேபிளில் உள்ள அடையாளங்களைப் பொருத்துங்கள்.

குரூஸ் (கால் வைக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) பொத்தான் உள்ள வீலைப் போட்டால் குரூஸும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்; காரின் கணினியில் அந்த வசதி இல்லாவிட்டால் அது வெறும் பொத்தான்தான்.