இடிந்த ஆலையிலிருந்து சட்னி ஜார் வரை

கேள்வி: ஷேவருக்குப் பெயர்போன பிரவுன் கம்பெனி சமையலறைக்குள் எப்படி நுழைந்தது? போரில் ஆலையே அழிந்துவிட்டதாமே?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஷேவரும் மிக்ஸியும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை. மாக்ஸ் பிரவுன் 1921-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ரேடியோ பாகங்கள் செய்யத் தொடங்கியவர். 1944 குண்டுவீச்சில் ஆலை பெரும்பாலும் தரைமட்டமானது. 1948 ஜூனில் புது மார்க் நாணயம் வந்த பிறகுதான் கடைகளில் சரக்கு தலைகாட்டியது. 1950-ல் எஸ் 50 ஷேவர், மல்டிமிக்ஸ் மிக்ஸி இரண்டையும் பிரவுன் இறக்கினார். மறு ஆண்டே அவர் காலமாக, மகன் ஆர்ட்டூர் தொழில்நுட்பத்தையும் எர்வின் வியாபாரத்தையும் கையில் எடுத்தார்கள். 1954-ல் அமெரிக்க ரான்சன் கம்பெனிக்கு ஷேவர் உரிமம் போனது. பிரவுன் என்றால் எல்லோரும் வடிவமைப்பைத்தான் புகழ்கிறார்கள்; அந்தப் பரிசோதனைகளுக்குத் தெம்பு கொடுத்தது ஷேவர் காசு என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: கேஎம் 3 என்ற கிச்சன் மெஷினை டீட்டர் ராம்ஸ்தானே வடிவமைத்தார்?
– வாசகி, கோவை

பதில்: இல்லை. பிரவுனின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ராம்ஸ் 1955-ல் அங்கே சேர்ந்தார் என்பதால் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1957-ல் வந்த கேஎம் 3, கெர்ட் ஆல்பிரட் முல்லரின் கைவண்ணம். வெள்ளை பிளாஸ்டிக் உடல், மழமழவென்ற வளைவுகள். மாவு தெறித்தாலும் ஈரத்துணியால் ஒரு வழி வழித்தால் போதும். உள்ளே ஒரே மோட்டார், இரண்டு வேலை. பிளெண்டர் பிளேடுக்கு வேகம் வேண்டும். மாவு பிசையும் கொக்கிக்கு வேகம் ஆகாது, இழுவிசைதான் வேண்டும்; அதற்காகப் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைக்கின்றன. கொக்கி தானும் சுழன்று, பாத்திரத்துக்குள்ளும் சுற்றி வருவதால் ஓரத்து மாவும் தப்பாது.

கேள்வி: கேக் மாவுக்குச் சளைக்காத வெளிநாட்டு மிக்ஸி, நம் ஊர் அரைப்புக்குப் புகைவது ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மோட்டார் சரியாகச் சுற்றும்போது உள்ளே ஓர் எதிர் மின்னழுத்தம் உருவாகி, கரண்ட் அளவோடு பாயும். தேங்காய்ச் சில்லோ விரலி மஞ்சளோ பிளேடைப் பிடித்து நிறுத்தினால் அந்தத் தடை விழுந்து கரண்ட் எகிறும். குளிரவைக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. மோட்டார் தடுமாறினால் அதுவும் படுத்துவிடும். சூடு ஏற ஏற, காற்று குறையக் குறைய, மோட்டார் காயிலின் (கம்பிச் சுருளின்) வார்னிஷ் கருகும். அந்த வாடைதான் முதல் எச்சரிக்கை.

இன்ஜினீயர் சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டு பிரவுன் மிக்ஸி கருகியதுதான் 1963-ல் சுமீத் மிக்ஸி கம்பெனி பிறக்கக் காரணம். நம் அரைப்புக்கு ஏற்ற மோட்டாரை அவர் தாமே வடிவமைத்தார்.

ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தேங்காயைச் சிறிதாகக் கீறி, முதலில் விட்டுவிட்டு ஓட்டி உடைத்த பிறகே தண்ணீர் விடுங்கள். லேசாக வாடை வந்தால் சுவிட்சை அணைத்து, ஜாரைக் கழற்றி, வெறும் மிக்ஸியை ஒரு நிமிடம் ஓட்டுங்கள். விசிறி சூட்டை வெளியே தள்ளும். புகையே வந்துவிட்டால் இந்த வைத்தியம் கூடாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: தாத்தா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த 1960-களின் மெஷின் பரணில் கிடக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து மெஷின்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த காகிதக் கெப்பாசிட்டர், மேலுறை வெடித்து ஈரம் உறிஞ்சியிருக்கும். கரண்ட் கொடுத்த சில நிமிடங்களில் குபுகுபுவெனப் புகைந்து, மோட்டார் போச்சு என்று பயமுறுத்தும். மோட்டார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதே மதிப்புள்ள, எக்ஸ்2 என்று அச்சிட்ட கெப்பாசிட்டரை மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருந்தால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும்; சுரண்டி எடுத்துப் புதிது தடவாவிட்டால் சும்மா ஓடும்போதே மோட்டார் திணறும்.

கேள்வி: பிரவுன் இப்போது யார் கையில்?
– வாசகர், சேலம்

பதில்: 1967-ல் ஜில்லெட், 2005-ல் ஜில்லெட்டோடு சேர்த்து பி அண்ட் ஜி (புராக்டர் அண்ட் கேம்பிள்). சமையலறைச் சாதனங்கள், இஸ்திரிப் பெட்டி போன்ற வீட்டுச் சாதனங்களுக்கு மட்டும் அந்தப் பெயரை 2012 முதல் இத்தாலியின் டெலாங்கி உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறது.