கல்சியம் வாங்குமுன் டின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தொடர்மாடியின் மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை நடந்தது. குதிக்காலை ஓர் இயந்திரத்துக்குள் வைக்கச் சொன்னார்கள். "மைனஸ் 1.9, எலும்பு தேயத் தொடங்கிவிட்டது, விட்டால் இடுப்பு முறியும்" என்று சொல்லி, டின் ஒன்று 5,400 ரூபாய்ப்படி நான்கு டின் சத்துமாவை விற்றுவிட்டார்கள். எனக்கு வயது 61. ஒரு டின்னைத் திறந்துவிட்டேன். மீதியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மற்ற மூன்றையும் திறக்காதீர்கள். பற்றுச்சீட்டையும், அவர்கள் எண்ணை எழுதித் தந்த துண்டு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

குதிக்காலில் வைப்பது அல்ட்ராசவுண்ட் கருவி. யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று சலித்தெடுக்க அது உதவும். நோய் இருக்கிறதென்று தீர்மானிக்க உதவாது. அதற்கு இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் வேண்டும். உங்களுக்குச் சொன்ன மைனஸ் எண், ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே என்பதைக் காட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த அளவுகோலின்படி டெக்சாவில் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால்தான் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய். மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் வருவது அடர்த்திக் குறைவு மட்டுமே. இந்த அளவுகோலைக் குதிக்கால் எண்ணுக்குப் பொருத்தவே கூடாது. பொருத்தினாலும், உங்கள் மைனஸ் 1.9 ஒஸ்டியோபொரோசிஸ் கணக்கில் வராது. சோதிப்பவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும் இடத்தில் எவருக்கும் எலும்பு நன்றாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்காக அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக மெலிகிறது. தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்திருந்தால், சாதாரணமாக விழுந்தே உங்களுக்கு எலும்பு முறிந்திருந்தால், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல மாதங்கள் ஸ்டீரொயிட் குளிசை எடுத்திருந்தால், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால் டொக்டரிடம் டெக்சா பற்றிக் கேளுங்கள்.

இனி டின்னைத் திருப்புங்கள். முன்பக்கத்துப் பெரிய எண் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது. நீங்கள் கரைத்துக் குடிப்பதோ 25 கிராம். 100 கிராமில் 1,000 மில்லிகிராம் கல்சியம் என்றால் ஒரு கோப்பையில் 250தான். சாதாரண முழு ஆடைப் பால்மாவிலேயே 100 கிராமுக்கு 900 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. விலை வித்தியாசம் எதற்கென்று நீங்களே பாருங்கள். நீரிழிவு இருந்தால் சீனியும், மாச்சத்துப் பொடியான மோல்ட்டோடெக்ஸ்ரினும் எத்தனை கிராம் என்பதையும் வாசியுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் வகையில் பொருளை விற்பதைத் தடுக்கிறது. முதலில் விற்றவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். திறந்த டின்னுக்குப் பணம் திரும்பும் என்று நம்பிக்கை தர மாட்டேன்.

கேள்வி: கிளினிக்கில் 300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற் தருகிறார்கள். தனியார் மருந்தகத்தில் 500 என்று போட்ட குளிசை பல மடங்கு விலை. இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசமா? தைரொயிட் குளிசையும் எடுக்கிறேன்.
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். குளிசையில் இருப்பது கல்சியத்தின் உப்பு. அதில் ஒரு பகுதி மட்டுமே கல்சியம். லக்ரேற்றில் 13 வீதம், சிற்றேற்றில் 21 வீதம், காபனேற்றில் 40 வீதம். ஆகவே கிளினிக் குளிசை ஒன்றில் ஏறக்குறைய 39 மில்லிகிராம் கல்சியமே இருக்கிறது. அதற்காக நிறுத்திவிடாதீர்கள், போதுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

தனியார் குளிசையிலும் ஒரு பொறி உண்டு. "கல்சியம் காபனேற் 500" என்றால் உள்ளே கல்சியம் 200. "காபனேற் 1,250" என்றிருந்தால்தான் 500. பெட்டியின் பக்கவாட்டுச் சிறிய எழுத்தில் இது இருக்கும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது குளிசை விலையைப் பார்க்காமல், 100 மில்லிகிராம் கல்சியம் என்ன விலைக்கு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

காபனேற்றைச் சாப்பாட்டுடன் எடுக்க வேண்டும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற குளிசையை நெடுநாள் எடுப்பவர்களுக்குச் சிற்றேற் பொருந்தும். ஒரே நேரத்தில் 500 மில்லிகிராம் கல்சியத்துக்கு மேல் விழுங்கினால் உடலில் சேரும் வீதம் குறையும். தைரொயிட் குளிசைக்கும் கல்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் தைரொயிட் மருந்து உடலில் சரியாகச் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் டொக்டரிடம் கேட்காமல் வாங்கவே கூடாது.

50 வயது தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அது உணவோடு சேர்த்து. குளிசையில் மட்டும் அல்ல. குரக்கன் மா 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, முழுவதும் உடலில் ஒட்டாவிட்டாலும். தயிர், முள்ளோடு மெல்லும் நெத்தலிக் கருவாடு, தோல் நீக்காத எள் எல்லாம் சேர்ந்தால் குளிசையின் தேவை நிறையக் குறையும்.

கேள்வி: விற்றமின் டி 50,000 குளிசையைத் தினமும் எடுக்கலாமா? முழங்கால் வலிக்கு நல்லதென்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.
- வாசகர், தெஹிவளை

பதில்: கூடாது. அது குறைபாடு உறுதியானவர்களுக்கு டொக்டர்கள் சில வாரங்களுக்கு, வாரம் ஒன்றாக எழுதித் தரும் அளவு. நாளாந்தத் தேவை 600 முதல் 800 அலகு. மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பழுதாக்கும். முழங்கால் வலி மூட்டின் சங்கதி. ஒஸ்டியோபொரோசிஸ் முறியும்வரை வலிப்பதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எலும்பு உறுதிக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை செலவழிக்கத் தயார். எதை வாங்கலாம்?
- மகன், பம்பலப்பிட்டி

பதில்: ஆண்களுக்கும் இந்த நோய் உண்டு என்பதை நினைத்ததற்கு நன்றி. அவரை டொக்டரிடம் காட்டுங்கள். குளிசை தேவையா என்பதை டொக்டர் சொல்லட்டும். மாலையில் காலிமுகத்திடலுக்கு அழைத்துப்போய் நடக்க வையுங்கள், கதிரையில் கைபிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து உட்காரப் பழக்குங்கள், இதற்குக் காசில்லை. பார்வை மங்கினால் கண்ணாடியை மாற்றுங்கள்.

பணத்தை, அப்பா விழாமல் இருப்பதற்காகக் குளியலறையில் போடுங்கள். வழுக்காத இறப்பர் விரிப்பு, இரவில் எரியும் சிறு விளக்கு, தேய்ந்த செருப்புக்குப் பதிலாகப் பிடிப்புள்ள ஒன்று, கழிப்பறை அருகில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை வாங்கும்போது உறிஞ்சுக் கிண்ணத்தால் ஒட்டுவதை வாங்காதீர்கள்; ஈரத்தில் கழன்றுவிடும். சுவரில் திருகாணி இறக்கிப் பொருத்தும் உருக்குக் கம்பியே வேண்டும். ஓடு பதித்த சுவர் என்றால் துளைக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். துவாய்க் கம்பியைப் பிடித்து எழும்பும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது துவாயின் பாரத்துக்குச் செய்தது.